விதை நெல்லும் வீட்டுக் கூரையும்

(திருவிழாச் சமய அரங்கில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவராகிய இளையான்குடி மாற நாயனாரின் வரலாறு சைவ நன்மக்கள் அனைவரும் அறிந்ததே. ஆவணித் திங்கள் மக நன்னாளில் அவருக்குக் குருபூசை நிகழ்கின்றது. வேளாண் குடியிற் பிறந்த அவர், செல்வம் பெருகியிருந்த நாளில் அடியார்க்கு அமுதளிப்பதையே வாழ்வின் பயனாகக் கொண்டிருந்தார். இறைவன் திருவுள்ளப்படி அச்செல்வம் தேய்ந்தது. மனம் மட்டும் தேயவில்லை. மழை கொட்டும் ஓர் இரவில் சிவபெருமான் அடியார் வேடம் தாங்கி அவர் வாயிலில் வந்து நின்றார். வீட்டிலோ ஒரு பிடி அரிசியும் இல்லை. கடன் கொடுப்பாரும் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் அமுது ஆக்கலாம் என்று அம்மையார்தாம் வழி சொன்னார். நாயனார் கூடையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு இருளிற் சென்று, மழைநீரில் மிதந்து ஒதுங்கிய நெல்லைத் தடவித் தடவி வாரிக்கொண்டு வந்தார். அடுப்பெரிக்க விறகு இல்லையென அம்மையார் கூற, வீட்டுக் கூரையின் மரத்தை அறுத்துத் தந்தார். கொல்லையில் முற்றாத கீரை கறியாயிற்று. அடியாரை அமுதுண்ண அழைத்தபோது அவர் சோதியாய் எழுந்து அருள் புரிந்தார்.

இவ்வரலாற்றை விரித்துரைக்கும் புலவர் பெருமக்கள் அன்பின் ஆழத்தைப் பேசுவர். அது முறையே. ஆயினும் ஏர் பிடித்த உழவன் ஒருவன் இக்கதையைக் கேட்பானாயின், அவன் நெஞ்சு வேறிரண்டு பொருள்களின்மேற் சென்று நிற்கும். ஒன்று விதை நெல். மற்றொன்று வீட்டுக் கூரை. அடுத்த போகத்தின் விளைச்சலும், மழைக்கு ஒதுங்கும் இடமும் அந்த ஓரிரவில் நாயனார் வீட்டை விட்டுப் போயின. அவருக்கு எல்லாவற்றையும் மீட்டுக் கொடுக்க இறைவனே எழுந்தருளினான். பஞ்ச காலத்தில், தன் பிள்ளைகளின் பசிக்காக விதை நெல்லை உலையிலிட்ட சாதாரண உழவனுக்கு அதனை மீட்டுக் கொடுப்பவர் யார்? இவ்வுரை அந்த வினாவைப் பற்றியதாகும்.

பஞ்சம் என்றவுடன் வறண்ட ஏரியும் எலும்புக்கூடான மனிதரும் நினைவுக்கு வருவர். உழவர் வீட்டிலோ பஞ்சம் ஓசையின்றிப் படிப்படியாக நுழைகின்றது. முதலில் பித்தளைப் பாத்திரமும் பெண்டிர் நகையும் விலை போகும். பின்னர் ஆடும் கறவையும் போகும். புல்லும் வைக்கோலும் அற்றபின் கூரையிற் கிடக்கும் பழைய வைக்கோலைப் பிடுங்கி உழவு மாட்டுக்குப் போடுவர். அதுவும் தீர்ந்தபின் மாடு சாகும், அல்லது அடிமாட்டு விலைக்குப் போகும். இறுதியாகக் குதிரில் மிஞ்சிய விதை நெல் குத்தப்படும். இதன்பின் வானம் திறந்து மழை பொழிந்தாலும் அந்த உழவனுக்குப் பஞ்சம் தீர்ந்தபாடில்லை. நிலம் ஈரமாய்க் கிடக்கும். உழ மாடிராது, விதைக்க நெல் இராது. மழை பெய்த ஆண்டிலும் பட்டினி கிடக்கும் நிலை இதுவேயாகும். ஊராரும் அரசும் பஞ்சம் ஒழிந்தது என்று கருதிக் கஞ்சித் தொட்டியை மூடுவதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான்.

அன்னதானத்தைக் குறைத்துப் பேசுவது இவ்வுரையின் நோக்கமன்று. பசித்த வயிறு விதைப்புக் காலம் வரை காத்திராது. 1866ஆம் ஆண்டில் பஞ்சம் நிலவியதன் மறு ஆண்டாகிய 1867இல், வைகாசித் திங்களில், வள்ளற்பெருமான் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கான நிலத்தை அவ்வூர் மக்களே மனமுவந்து அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாதி சமய வேறுபாடின்றிப் பசித்தோர் யாவர்க்கும் அங்குச் சோறு உண்டு. உயிரை உடலில் நிறுத்துவது அந்தப் பணி. அவ்வாறு நிறுத்தப்பெற்ற உயிர் தன் காலிலே நின்று உழைத்து உண்ணுதற்கு வேறொரு பணியும் வேண்டும். தமிழ்நாடு அதனைப் பெரிய அளவிற் கண்டது அடுத்த பத்தாண்டில் நேர்ந்த தாது வருடப் பஞ்சத்தின்போது.

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தாது வருடத்தில் தொடங்கிய துன்பம் ஈசுவர வருடத்திலும் நீண்டது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத்து ஆகிய பகுதிகளில் மாண்டவர் தொகை ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டதென மதிப்பிடப்பட்டுள்ளது. அக்காலத்திலும் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. நிவாரண வேலைத் தளங்களில் கல்லுடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், மேற்செலவுக்குச் சிறிது காசும் போதும் என்று 1877 சனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவிற்கும் குறைவு. அது உயிரைக் காக்கப் போதாதென்று மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிசு வாதாடினார். பின்னரே கூலி உயர்த்தப்பட்டது.

1877 ஆகஸ்டில் சென்னையில் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தலைமையில் பொதுக்கூட்டம் ஒன்று கூடி, இலண்டன் மாநகரத் தலைவருக்கு உதவி வேண்டுகோள் விடுத்தது. அங்குத் திறக்கப்பெற்ற மேன்சன் மாளிகை நிதியில் ஐந்து இலட்சம் பவுனுக்கு மேல் திரண்டது. இலங்காசயர் ஆலை நகரங்களும் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களும் தனித்தனியே பணம் திரட்டி அனுப்பின. சென்னையில் இப்பணத்தைப் பகிர்ந்தளித்த குழுவின் செயலாளராக இருந்தவர் வில்லியம் டிக்பி என்னும் இதழாசிரியர். அவர் இப்பஞ்சத்தைப் பற்றி 1878இல் எழுதி வெளியிட்ட இரு தொகுதி நூல், ஆட்சியாளரின் பிழைகளையும் மறைக்காமல் காட்டுவது.

அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகின்றது. பணம் வந்து சேர்ந்த வேளையில், செப்டம்பர் அக்டோபர் மாதங்களில், மழையும் வந்து சேர்ந்தது. மழை வந்துவிட்டமையால் தருமத்திற்கு இனி வேலையில்லை என்று நிதியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். கஞ்சித் தொட்டிகளை மேலும் பெருக்கியிருக்கலாம். குழுவினர் இரண்டையும் செய்யவில்லை. உழவனை அவன் இழந்த நிலைக்கு மீட்பது என்பதனை நிதியின் நோக்கங்களுள் ஒன்றாக எழுதி வைத்திருந்தனர். அந்த ஒரு தலைப்பின் கீழ்தான் மிகப் பெரும்பகுதி செலவாயிற்று. எவற்றுக்கெனின், விதைத் தானியத்துக்கு, உழவு மாட்டுக்கு, ஏர்க் கருவிக்கு, வீட்டுக்குக் கூரை வேய்வதற்கு. ஊர்தோறும் அமைந்த உட்குழுக்களில் இந்நாட்டவரும் அமர்ந்து, இன்னாருக்கு இன்னது என்று பார்த்து வழங்கினர். அரசின் கடனாக அன்று, திருப்பித் தர வேண்டாத கொடையாகவே அது வழங்கப்பெற்றது. சேக்கிழார் பெருமான் பாடிய விதையும் கூரையும், பாட்டின் பொருளை அறியாத அயல்நாட்டார் தந்த பணத்தால், ஆயிரமாயிரம் வீடுகளுக்குத் திரும்பி வந்தன.

ஒரு குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விதையும் எருதும் நிலம் உடையவனுக்கே பயன்படும். பஞ்சத்தில் முதலில் மடிந்தவனோ நிலமற்ற கூலியாள். உழவு நின்றதும் அவனுக்குக் கூலி நின்றது. விற்பதற்கு அவனிடம் பித்தளைச் செம்பும் இல்லை. ஏர் மீண்டும் ஓடினால் அவனுக்கும் வேலை கிடைக்கும் என்பது உண்மையே. ஆயினும் அது வரையில் அவனைத் தாங்கியது கஞ்சித் தொட்டி ஒன்றே. ஆதலால் சோறா விதையா என வழக்காடுவது பயனற்றது. எவனுக்கு எது, எந்த மாதத்தில் என்பதுதான் கேள்வி. கடல் கடந்து கூலிக்குச் செல்லத் துணிந்தவருள் இத்தகைய நிலமற்றோரும், நிலத்தை இழந்தோரும் மிகப் பலர். மலேசியத் தமிழர் குடும்பங்கள் பலவற்றின் கதை, எங்கோ ஒரு சிற்றூரில் மாடு விற்ற நாளில் தொடங்கியதாக இருக்கக்கூடும்.

உழவனின் முதலைக் காப்பது அயலார் கற்பித்த புதுமை என்று எவரும் எண்ணிவிடலாகாது. புறநானூற்றின் முப்பத்தைந்தாம் பாட்டிலே வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர் சோழன் கிள்ளிவளவனிடம் வாதாடுகின்றார். மன்னனின் வெற்றியெல்லாம் ஏரின் விளைவு என்றும், எருதைப் பேணும் குடிகளின் சுமையைத் தாங்குக என்றும் அவர் எடுத்துரைக்கின்றார். அப்பாட்டைப் பாடிப் பழைய நிலவரி நிலுவையை நீக்கிக் கொண்டார் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கின்றது. புலவர் தமக்கென யானையையோ பொன்னையோ கேட்கவில்லை. உழவரின் கடனைத் தள்ளச் சொன்னார். கொடை என்பதன் பொருளை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது.

திருக்கோயில்களும் இவ்வழியில் நின்றன. சாவா மூவாப் பேராடு என்னும் சொற்றொடர் சோழர் கல்வெட்டுகளைப் படித்தோர்க்குப் பழகியது. ஒரு நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடுகள் அளிக்கப்பெறும். ஆடுகள் கோயிலில் நிற்பதில்லை, இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர் அவற்றைப் பேணிப் பெருக்கி, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பார். எஞ்சிய பயன் அவருடையது. ஆடு சாகும், மூப்படையும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையாது. தருமம் செய்தவர் விளக்கை ஏற்றினார், அதனோடு ஒரு குடும்பத்தின் தொழிலையும் ஏற்றி வைத்தார். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராச சோழனும் பிறரும் வைத்த பணம் ஊர்ச் சபைகளுக்குக் காசுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டியில் கொடுக்கப்பெற்றது. வட்டியை நெல்லாகவும் அளந்தனர். அது தருமம் அன்று, கடன்தான். எனினும் காணிக்கைப் பணம் கருவூலத்தில் உறங்காமல் வயலுக்குள் சென்றது. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் திருமலை திருப்பதிக் கோயில், அன்பர் அளித்த பொற்காசைக் கொண்டு தேவதான ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவித்தது. அதனால் மிகுந்த விளைச்சலிலிருந்து பெருமாளுக்குத் திருப்போனகம் படைத்தனர். வேங்கடவன் பிரசாதத்தின் பின்னே ஒரு கால்வாய் ஓடியது எனலாம்.

ஜொகூர் மாநிலத்தின் நிலையை நோக்குவோம் எனின், பஞ்சம் என்பது இம்மண்ணுக்கும் அயலானதன்று. சப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1942 முதல் 1945 வரை, பர்மா அரிசி வருவது அருகிற்று. பால்மரம் வெட்டும் வேலை நின்றது. தோட்டப்புறத் தமிழர் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையைப் பெரியோர் பலர் சொல்லிச் சென்றுள்ளனர். அக்கிழங்குக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் விதை கிழங்கன்று, தண்டு. கிழங்கை உண்டுவிட்டுத் தண்டை நட்டால் மீண்டும் விளையும். பசித்தவன் தன் விதையைத் தானே தின்றுவிட முடியாத பயிர் அது. நெல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அதே காலத்தில், இம்மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள எண்டாவில் ஒரு குடியேற்றம் எழுந்தது. சிங்கப்பூரில் உணவுத் தட்டுப்பாடு முற்றவே, வாய்களைக் குறைக்கும் நோக்கத்துடன் சப்பானியர் நகர மக்களை வெளியேற்ற முனைந்தனர். 1943இல் சிங்கப்பூர்ச் சீனர் எண்டாவுக்கு வந்தனர். மருத்துவர் லிம் பூன் கெங் தலைமை வகித்த கடல்கடந்த சீனர் சங்கம் அவர்களுக்காகப் பணம் திரட்டியது. காடு வெட்டவும் வீடு கட்டவும் அது செலவாயிற்று. முதல் விளைச்சல் வரும் வரை அரிசி வழங்க ஏற்பாடு இருந்தது. குடியேறியோர் தொகை பன்னிரண்டாயிரம் அளவுக்கு உயர்ந்தது. அக்காலத்திலேயே நெகிரி செம்பிலானில் பகாவ் என்னுமிடத்தில் யுரேசியரும் கத்தோலிக்கச் சீனரும் குடியேற்றப்பட்டனர். அங்கு மண் வளமற்றது. நல்ல நீர் அரிது. மலேரியாக் காய்ச்சல் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு சென்றது. அவர்களை அழைத்துச் சென்ற ஆயர் தெவால்சும் அக்காலத்திலேயே உயிர் நீத்தார். ஒரே போர், ஒரே கொடிய ஆட்சி, ஒரே பசி. எண்டாவிலும் துன்பம் இருந்தது. கொரில்லாப் படையினரின் தாக்குதலும் நேர்ந்தது. ஆயினும் தேர்ந்தெடுத்த மண்ணும், பின்னால் நின்ற சமுதாயத்தின் பொருளும், அறுவடை வரை கிடைத்த அரிசியும் வேறுபாட்டை உண்டாக்கின. மண்வெட்டியை மட்டும் கையில் கொடுத்து ஒருவனைக் காட்டுக்கு அனுப்புவது உதவி ஆகாது.

அண்மைக் காலத்தில் இலங்கையில் நிகழ்ந்ததும் எண்ணத் தக்கது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நவம்பரில் தடையை நீக்கிய போதிலும் காலம் கடந்துவிட்டது. 2021-22 பெரும்போக நெல் விளைச்சல் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது விழுக்காடு வீழ்ந்தது. 2022இல் தமிழ்நாட்டரசு 40,000 டன் அரிசியையும் 500 டன் பால் மாவையும் மருந்துகளையும் கப்பலேற்றியது. அரிசி வந்தது, உலை கொதித்தது. அவ்வாண்டில் உணவுக்குத் திண்டாடியோர் 63 இலட்சம் பேர் என்று ஐக்கிய நாட்டு நிறுவனங்கள் கணித்தன. அடுத்து வந்த உதவிதான் உழவனின் வயலுக்குச் சென்றது. உணவு வேளாண்மை நிறுவனம் சிறு உழவர்க்கு யூரியா வழங்கியது. 2023 மார்ச்சில் அமெரிக்க உதவியாக 36,000 டன் பாசுபேட்டு உரம் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, நெல் உழவர்க்குப் பகிரப்பட்டது. அவ்வாண்டு நடுவில் எடுத்த கணக்கில் உணவுக்குத் திண்டாடியோர் தொகை 39 இலட்சமாகக் குறைந்திருந்தது. உரம் ஒன்றே அதனைச் செய்தது எனல் மிகைபடக் கூறலாகும். விலைவாசி தணிந்ததும் ஒரு காரணம். ஆனால் உரமின்றி மூன்றாவது போகமும் விழுந்திருப்பின், எத்தனை கப்பல் அரிசி அனுப்பியும் பற்றியிராது.

இவையனைத்தையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, தருமம் செய்வோர் கவனிக்க வேண்டியது காலக் கணக்கு என்பது புலனாகும். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது உழவர் வாக்கு. ஆடியில் வேண்டிய விதை புரட்டாசியில் வந்தால் அது வெறும் தானியமே. துன்பச் செய்தி நாளிதழில் வரும் வாரத்தில் மக்கள் மனம் இளகுகின்றது, உண்டியல் நிறைகின்றது. உழவனுக்கு உதவி வேண்டிய வாரமோ அதன்பின் இரண்டு மூன்று திங்கள் கழித்து வருகின்றது. அப்போது செய்தி பழையதாகிவிடும்.

2023 மார்ச்சில் ஜொகூரில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, பத்து பகாட், சிகாமட், குளுவாங், யோங் பெங் வட்டாரங்களில் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு நிவாரண மையங்களில் தங்கினர். பத்து பகாட்டில் நீர் வடியப் பல வாரங்கள் ஆயின. இத்தகைய வேளைகளில் சோற்றுப் பொட்டலம், பாய், போர்வை, குழந்தைகளுக்குப் பால் மாவு ஆகியவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நல்லுள்ளங்களுக்கு இந்நாட்டில் குறைவில்லை. வீடு திரும்பும் காய்கறித் தோட்டக்காரர் காண்பது வேறு காட்சி. பாத்தி சேற்றில் புதைந்திருக்கும். நீர் இறைக்கும் பொறி கெட்டிருக்கும். மாடு வளர்ப்போரின் தீவனப் புல் அழுகியிருக்கும். மண் காய்ந்து, சுண்ணாம்பு இட்டு, நாற்று வாங்கி நட்டு, முதற்கீரை சந்தைக்குப் போக இரண்டு திங்களேனும் செல்லும். மிளகாயும் கத்தரியும் அதனினும் நீளும். அதுவரை வருமானம் இல்லை. கடைக்காரரிடம் பழைய உரக் கடனும் நிற்கும்.

விழாக் கால அன்னதானத்திற்கென அன்பர்கள் அளிக்கும் காணிக்கையில் ஒரு சிறு பங்கினைத் தனியே எடுத்து வைத்து, வெள்ளம் வடிந்த பின்னர் நாற்றுக்கும் சுண்ணாம்புக்கும் பொறி பழுது பார்ப்பதற்கும் என்றே ஒதுக்கலாம். பெறுபவர் பெயரைப் பலகையில் எழுத வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச்சு வரை நீள்கின்றது. அப்பணம் பையிலிருந்து வெளியே வர வேண்டிய மாதம் பெரும்பாலும் சித்திரை.